வாதாம் மரத்தில் வெள்ளரி

அந்தக் கல்லூரியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "கேம்பியம் சார் இருக்காரா?" என்று கேட்கவேண்டும். தாவரவியல் துறைக்கு அவர் வந்து சேர்ந்த வருடமே மாணவர்கள் வைத்த பெயர். ஓய்வு பெறும் வருடத்தில் அது முதல்வர் வரைக்கும் ஏறிவிட்டது. கடைசியில் அவரே தொலைபேசியை எடுத்து, "கேம்பியம் பேசுறேன்" என்று சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டார்.

எல்லாம் ஒரே ஒரு பாடத்தால் வந்த வினை. செடி எப்படி வளர்கிறது என்கிற பாடம். மற்ற பாடங்களை ஏனோதானோ என்று நடத்துகிறவர், இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்.

"செடி எங்க வளருது?" என்று கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

"தொட்டியில, சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். ஆள் மாறுமே தவிர, பதில் எந்த வருடமும் மாறாது.

"நீ வளர்றது கேன்டீன்லன்னு எனக்குத் தெரியும். உக்காரு."

பிறகு குரலை இறக்கிக்கொள்வார். மனிதக் குழந்தைக்குக் கை, கால், மூக்கு என்று உடம்பு முழுக்க ஒன்றாக வளர்கிறது. செடிக்கு அப்படி இல்லை. தண்டின் நுனியிலும் வேரின் நுனியிலும் ஒரு பொட்டு இடம் இருக்கிறது. அங்கேயுள்ள செல்கள் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அதுதான் நுனி ஆக்குத் திசு. அது பெற்றுப் போட்ட செல்கள் நீண்டு, நுனியை மேலே தள்ளிவிட்டு, தாங்கள் நின்ற இடத்திலேயே தங்கிவிடுகின்றன. செடி உயரமாவது அப்படித்தான். முதல்நிலை வளர்ச்சி என்று பெயர். ஒருமுறை நீண்டு முடித்த பகுதி அதற்கப்புறம் ஒரு விரற்கடை கூட மேலே போகாது.

"அப்போ மரம் எப்படி சார் தடிக்குது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் உயிர் வாழ்ந்தார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை போல இருப்பதுதான் கேம்பியம். அது உள்பக்கம் கட்டையை அடுக்கும். வெளிப்பக்கம், இலை சமைத்த உணவை வேருக்கு இறக்குகிற திசுவை அடுக்கும். மரம் பருக்கப் பருக்கப் பழைய பட்டை இழுபட்டு வெடிக்கும். அப்போது தக்கைக் கேம்பியம் என்று இன்னொன்று வெளியே உட்கார்ந்துகொண்டு புதுப் பட்டை செய்து கொடுக்கும். "தொப்பை போட்டவனுக்குத் தையல்காரர் சட்டையைப் பிரிச்சு விட்டுத் தைக்கிற மாதிரி" என்பார். இது இரண்டாம் நிலை வளர்ச்சி. சொல்லிவிட்டுத் தன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டுவார். "என்னைப் பாருங்க. மேல போறது நின்னு எத்தனையோ காலம் ஆச்சு. பக்கவாட்டுல மட்டும் நிக்க மாட்டேங்குது."

வகுப்பு மதிப்பெண்ணை நினைத்துச் சிரிக்கும்.

சரியாக அந்த நேரத்தில் யாராவது ஒரு கெட்டிக்காரப் பெண் எழுந்து நிற்பாள். "சார், அப்போ ஒரு மரத்துல பேரைச் செதுக்கி வெச்சா, மரம் வளர வளர அது மேல போகுமா, அங்கயேதான் நிக்குமா?"

அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிடும். "அது சிலபஸ்ல இல்ல."

"புத்தகத்துல படமே போட்டிருக்கு, சார்."

"அந்தப் பக்கத்தைத் திருப்பு!"

பணிக்காலம் முழுவதும் அந்தப் பக்கத்தை அவர் நடத்தவே இல்லை. வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே ஒரு வாதாம் மரம் நின்றதுதான் காரணம்.

அவரும் அதே கல்லூரியில் படித்தவர்தான். அந்த நாளில் அவர் வெளுத்து, ஒல்லியாக, லேசாக வளைந்து இருப்பார். ஆகவே வெள்ளரி. கல்லூரி விழாக்களில் பாடுகிற ஒரு பெண் இருந்தாள். ஆகவே குயில். வெள்ளரி குயிலைப் பார்த்தான், குயிலும் வெள்ளரியைப் பார்த்தாள், உலகத்தில் வேறு யாரும் இல்லாமல் போனார்கள். ஒருநாள் மத்தியானம் தச்சுப் பட்டறையில் உளியை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, அப்போது ஒரு ஆள் தடிமன்கூட இல்லாத அந்த வாதாம் மரத்தில், கண்மட்டத்துக்கு நேராக, 'வெள்ளரி', நடுவில் அம்பு பாய்ந்த இதயம், 'குயில்' என்று ஆழமாகச் செதுக்கினான்.

"ஏன் இவ்வளவு கீழ வெட்டுற? எல்லார் கண்ணுலயும் படும்" என்றாள் குயில்.

"இன்னைக்குத்தான் கீழ. மரம் வளர வளர நம்ம பேரும் மேல மேல போகும். நமக்கு வயசாகும்போது வானத்தைத் தொட்டிருக்கும். அப்ப யாராலயும் அதைத் தொட முடியாது."

குயில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீர் உண்மையானது. வளர்ச்சிப் பாடம் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

பாடம் வந்தது. அந்த நாளைய ஆசிரியர் புத்தகப் படத்தைக் காட்டி, தண்டில் எழுதியது எழுதிய உயரத்திலேயே நிற்கும், வேண்டுமானால் வருடா வருடம் அகலமாகும் என்று ஈவு இரக்கமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் வரிசையிலிருந்து குயில் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் வெள்ளரி தாங்கியிருப்பான். அதில் இருந்தது சந்தேகம். "மரம் எப்படி வளரும்னே தெரியாதவனா என்னைக் கட்டிக் காப்பாத்தப் போறான்?" என்று தோழிகளிடம் சொன்னாளாம். படிப்பு முடிவதற்குள் ஒரு கப்பல் என்ஜினியருக்கு வாழ்க்கைப்பட்டுக் கடல் தாண்டிப் பறந்துவிட்டாள். வெள்ளரி அழுதான், தாடி வளர்த்தான், தாடியிலும் தோற்று, வளர்ச்சித் திசுக்களையே வெறியோடு படித்துப் பட்டம் வாங்கினான். தன்னை ஏமாற்றிய பாடத்தையே பிழைப்பாக்கிக்கொண்டான்.

விதி அதோடு விட்டதா? வேலை கிடைத்ததும் அதே கல்லூரியில், அதே துறையில், அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே.

மரம் சும்மா இருக்கவில்லை. கேம்பியம் தன் கடமையைச் செய்தது. எழுத்துகளின் விளிம்புகள் உதடு மாதிரித் தடித்துப் பிதுங்கின. 'வெள்ளரி' வருடத்துக்கு வருடம் பக்கவாட்டில் விரிந்து பரங்கிக்காய் ஆயிற்று. 'குயில்' கொழுத்து வாத்தைப் போல ஆனது. இதயம் யாரோ மேலே உட்கார்ந்து நசுக்கிய தலையணை போலிருந்தது. உயரம் மட்டும் அணுவளவும் மாறவில்லை. ஒரு தென்னையில் செதுக்கியிருந்தாலாவது பரவாயில்லை. தென்னைக்குக் கேம்பியம் கிடையாது. எழுத்து வைத்தது வைத்தபடி ஒடுங்கிக் கிடந்திருக்கும். அந்த அறிவு உளியைக் கையில் எடுத்தபோது இல்லை.

கல்லூரியில் யாருக்கும் அந்த வெள்ளரி யாரென்று தெரியாது. கூடப் படித்தவர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அந்தத் தண்டைப் படித்தவுடன் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவருடைய மனைவி. ஏனென்றால் அவருடைய அண்ணன் இன்றைக்கும் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "டேய் வெள்ளரி, இருக்கியாடா?" என்றுதான் கூப்பிடுவார்.

ஆகவே மனைவி கல்லூரிக்குள் காலடி வைக்கக்கூடாது. ஆண்டு விழாவுக்கு மற்ற ஆசிரியர்களின் வீட்டுக்காரம்மாக்கள் எல்லாம் பட்டுடுத்தி முன்வரிசையில் உட்காருவார்கள். இவர், "கூட்டம் தாங்காது, நீ எதுக்கு?" என்பார். மலர்க் கண்காட்சியின்போது, "தோட்டத்துல பாம்பு நடமாட்டம்." ஒருநாள் மழையில் அவள் குடை கொண்டுவந்து கொடுத்தாள். வாசல் கேட்டிலேயே வாங்கிக்கொண்டு, அவளை நனையவிட்டு அனுப்பிவிட்டார்.

அவள் பள்ளிக்கூடப் படிப்பைக் கூட முடிக்காதவள். நாலு பேர் முன்னால் தன்னைக் காட்டிக்கொள்ள இந்த மனிதருக்கு வெட்கம் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். ஒருமுறை சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டும்விட்டாள். "நான் படிக்காதவன்னுதானே கூட்டிட்டுப் போக மாட்டேங்குறீங்க?" அப்போதாவது அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இல்லை என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் யோசித்தார். மரத்தை அவள் பார்ப்பதைவிட அவள் இப்படி நினைத்துக்கொள்வது தனக்கு வசதி என்று தோன்றியது. பேசாமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அன்றைக்குப் பிறகு அவள் கேட்கவில்லை. குடையும் கொண்டுவரவில்லை.

இடையில் அவர் மரத்தோடு ஒரு போர் நடத்திப் பார்த்தார். தோட்டக் குழுத் தலைவராகப் போட்டியில்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 'மரத்தில் செதுக்குவது தண்டனைக்குரிய குற்றம்' என்று தகரப் பலகை எழுதச்செய்து, சரியாக அந்தப் பெயர்களின் மேலேயே வைத்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார். மரம் தூங்கவில்லை. உள்ளே கட்டை கட்டையாக அடுக்கிக்கொண்டே போனது. ஆணிகளைத் தண்டு விழுங்க, நடுவில் பலகை தொப்பை போட, ஒருநாள் அவர் வகுப்பில் "இரண்டாம் நிலை வளர்ச்சி" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் வெளியே டமார் என்று சத்தம். தகரம் கிழிந்து கீழே விழுந்தது. ஜன்னல் வழியே வெள்ளரியும் குயிலும் முன்னைவிட ஆரோக்கியமாக எட்டிப் பார்த்தார்கள்.

ஓய்வு பெறும் நாள் வந்தது. கலையரங்கத்துக் கூரையில் பூச்சு உதிர்ந்ததால் அங்கே விழா வைக்க முடியாது என்றார் முதல்வர். "அதனால என்ன, சார்? நீங்க உயிரா நெனைக்கிற வாதாம் மரத்தடியிலயே வெச்சுடலாம். உங்க வீட்டம்மாவுக்கு மரத்தை ஒட்டியே நாற்காலி போடச் சொல்லிட்டேன்."

வீட்டுக்குப் போய்ப் பாம்பு என்று ஆரம்பித்தார்.

"பாம்பு என்ன, முதலையே வந்தாலும் வருவேன்" என்றாள் மனைவி. புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷம் வாசலோட நின்னாச்சு. இது கடைசி நாள். இன்னைக்கும் வராதேன்னு சொன்னீங்கன்னா, அதுக்கப்புறம் என்னை எதுக்கும் கூப்பிடாதீங்க. சாப்பாடு போடக்கூட."

விழா மாலையில். அவர் மத்தியானமே கையில் ஒட்டுக்கட்டும் கத்தியோடு மரத்தடிக்குப் போய்விட்டார். திட்டம் இதுதான். பட்டையை உரித்தால் எழுத்து போய்விடும். ஆனால் அந்த இடத்தை மட்டும் உரித்தால் எதையோ மறைத்த மாதிரி இருக்கும். சுற்றிலும் சீராக உரித்தால் நோய்க்கு ஏதோ வைத்தியம் என்று நினைப்பார்கள். பெயரை நேருக்கு நேர் பார்க்கத் தைரியம் இல்லாததால் பின்பக்கத்திலிருந்து தொடங்கினார். இரண்டு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற மரம். சட்டை நனைய நனைய, ஒரு முழ அகலத்துக்குப் பட்டையை வாரி வாரி எடுத்தார்.

தோட்டக்காரர் நாற்காலிகளைச் சுமந்துகொண்டு போனவர் நின்றார். "என்ன சார், கடைசி நாள்ல மரத்துக்குக் குளிப்பாட்டா?"

"பூச்சிய்யா. பட்டைப் பூச்சி."

"பூச்சியைக் காணோமே?"

"உள்ள இருக்கு. நீ போய் நாற்காலியைப் போடு."

"நாளைக்கு மரம் பட்டுப் போச்சுன்னா என் தலையிலதான் கட்டுவாங்க. சொல்லி வெச்சேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார்.

இரண்டு பக்கமிருந்தும் உரித்துக்கொண்டு வந்து, கடைசியில் முன்பக்கம் மட்டும் மிச்சம். ஈரமும் வெளுப்புமாகக் கட்டை பளபளத்தது. விரலில் பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியது. அது என்னவென்று யோசித்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. அவர் விரலில் ஒட்டியிருந்தது கேம்பியம். வருடம் தவறாமல் அவரே எடுத்த வினாத்தாளில், அவரே எழுதிய கேள்வி கண்முன் வந்து நின்றது: 'ஒரு மரத்தின் பட்டையை வளையமாக உரித்துவிட்டால் அம்மரம் என்னவாகும்? ஏன்? படம் வரைக.'

செத்துப்போகும். இலை சமைத்த உணவு இறங்க வழியில்லாமல் வேர் பட்டினி கிடந்து செத்துப்போகும். இந்த பதிலை எழுதாத எத்தனை பிள்ளைகளை அவர் ஃபெயில் ஆக்கியிருப்பார்!

இப்போது அந்த ராட்சச மரத்தின் உயிர், வேருக்கும் இலைக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே ஒரு பட்டைப் பாலத்தில் தொங்கியது. அந்தப் பாலத்தின் மேல் வெள்ளரியும் குயிலும் இருந்தார்கள். அவர்கள் அத்தனை அகலமாகப் பருத்திருந்ததால்தான் பாலம் இவ்வளவு அகலமாக மிஞ்சியிருந்தது. அதை உரித்தால் அவர் பிழைப்பார், மரம் சாகும். விட்டால் மரம் பிழைக்கும்.

உடனே சாகாது, மாதக்கணக்காகும், அதற்குள் நாம் வீட்டில் இருப்போம், தோட்டக்காரர் எப்படியும் திட்டு வாங்குகிறவர்தான் என்றெல்லாம் அவர் கணக்குப் போட்டார். கத்தியை ஓங்கினார். அதற்கப்புறம் நடந்ததில் இரண்டு கட்சி உண்டு. மனம் கேட்காமல் தானாகவே நிறுத்திவிட்டதாக அவர் சொல்கிறார். கத்தி கீழே இறங்கிக்கொண்டுதான் இருந்தது என்று அவர் மனைவி சொல்கிறாள்.

அவள் அங்கே வந்துவிட்டிருந்தாள். கையில் அவருடைய மூக்குக்கண்ணாடி. "கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டீங்களே, ஏற்புரையை எப்படிப் படிப்பீங்க? கேட்டுல கேட்டேன். கேம்பியம் சார் வீட்டம்மாவா, மரத்துக்கிட்ட நிக்கிறார், போங்கன்னாங்க. அது யாரு, கேம்பி..." பேச்சு பாதியில் நின்றது.

அவர் முதுகால் மரத்தை மறைக்கப் பார்த்தார். மறைக்க அவ்வளவு உடம்பு இருந்தும் போதவில்லை.

அவள் அவரை ஒதுக்கிவிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "வெள்... ளரி. இது உங்க அண்ணன் கூப்பிடுற பேராச்சே?" விரல் நகர்ந்தது. "இது என்ன, பூசணிக்காயா?"

"இதயம்" என்றார் கேம்பியம் சார், செத்த குரலில்.

"குயில். யாருங்க இந்தக் குயில்?"

"கூடப் படிச்சவ. உன்னைப் பாக்குறதுக்கு முன்னாலயே கல்யாணம் ஆகிப் போயிட்டா. சத்தியமா வேற ஒண்ணுமே இல்ல."

"இதுக்காகத்தானா பாம்பு?"

அவர் தலையாட்டினார்.

"மழையில நனையவிட்டது?"

அதற்கும் ஆட்டினார்.

அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று அவர் பயந்தார். அவள் சிரித்தாள். மேடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு மெதுவாக அடங்கி, கண்ணில் நீராக நின்றது.

"குயிலோ மயிலோ, யாரா இருந்தாலும் நான் நாலு நாள் கேலி பண்ணிட்டு விட்டிருப்பேனே. படிப்பில்லாதவ, பக்கத்துல நிக்க லாயக்கில்லன்னு நான் என்னையே மட்டமா நெனைச்சுக்கிட்டேன். அன்னைக்கு அடுப்படியில கேட்டேன். இல்லடின்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரல. அந்தக் குயில் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. உங்க மேலதான்."

அவர் கத்தியை நீட்டினார். அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "மரத்தையும் நனையவிட்டாச்சா?" என்றாள். "பொழைக்குமா இது?"

"அந்தப் பேர் இருக்குற பட்டை அப்படியே இருந்தா பொழைச்சுக்கும். ஓரத்துல இருந்து கேம்பியம் மறுபடி கொஞ்சம் கொஞ்சமா மூடிட்டு வரும்."

"அப்போ அது இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

மாலையில் கூட்டம் நிறைந்தது. தோலுரிந்து வெளுத்து நின்ற அந்த மரத்தின் அடியில் நின்றுகொண்டு முதல்வர், கேம்பியம் சாரை மரங்களின் காவலர் என்றும், ஓர் இலையைக் கூடக் கிள்ளத் துணியாத கருணை உள்ளம் என்றும் புகழ்ந்தார். தோட்டக்காரர் மட்டும் இருமினார். முடிவில், சாரின் வெற்றிக்குப் பின்னால் இருக்கும் துணைவியார் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று முதல்வர் ஒலிபெருக்கியை அவள் பக்கம் நீட்டினார்.

கேம்பியம் சார் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய மானம், மரியாதை, மாலை, பொன்னாடை எல்லாம் அந்த ஒலிபெருக்கியின் முனையில் நின்றது.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்ல" என்றாள் அவள். "ஒரு சந்தேகம் மட்டும் கேக்குறேன். மரத்துல பேரைச் செதுக்கி வெச்சா, மரம் வளரும்போது அது ஏன் மேல போக மாட்டேங்குது? இவர் சொல்லித் தந்ததே இல்ல."

மாணவர் பக்கமிருந்து ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. "எங்களுக்கும் சொல்லித் தந்ததில்ல, மேடம்!"

அவர் எழுந்தார். மடியில் இருந்த ஏற்புரை கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்டு நுனியில் மட்டும்தான் நீள்கிறது என்றார். நீண்டு முடித்த இடம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்கப்புறம் அங்கே நடப்பதெல்லாம் தடிப்பதுதான். ஆகவே ஒருவன் செதுக்கியது அவன் கண்முன்னாலேயே நின்று, வருடா வருடம் அகலமாகும். மூடி வைத்தால் மூடியை உடைக்கும். பணிக்காலம் முழுவதும் தாண்டிப்போன அந்தப் பக்கத்தை, மரத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டி நடத்தி முடித்தார். அவர் நடத்தியதிலேயே நல்ல வகுப்பு அதுதான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். சம்பளம் நின்றுபோன நாளில் நடத்தினார் என்பதுதான் வேடிக்கை.

வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டுத் திட்டு வாங்கிய பெண் எழுந்து நின்றாள். "சார், எல்லாம் புரிஞ்சது. அந்த வெள்ளரி யாரு, சார்?"

எங்கும் சிரிப்பு. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மரத்தை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில், 'குயிலு'க்கு நேர் கீழே தண்டில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, முந்தானையைச் சரிசெய்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றார், உதட்டுக்குள்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் அவள். "பின்னால கேக்கல."